எளிய ஆடவனின் பரிமளம்

திருச்சிராப்பள்ளிச் சீமையில் ஒரு கல்யாணத்துக்குப் போகிறவர், பணக்காரராயினும் ஏழையாயினும், மண்டபத்து வாசலில் முதலில் சந்திப்பது சந்தனக் கும்பாவையும் பன்னீர்ச் செம்பையும்தான். பெண் வீட்டுச் சிறுமி ஒருத்தி செம்பைச் சாய்த்துப் பன்னீரைத் தெளிக்க, வந்தவர் கும்பாவில் விரல் நுனியை இட்டு, குழைந்திருக்கும் சந்தனத்தில் சிறிது எடுத்துப் புறங்கையிலும் முழங்கைக்குக் கீழேயும் தடவி, ஒரு கல்கண்டை வாயிலிட்டுக்கொண்டு உள்ளே போகிறார். ஆண்மகன் மேனியில் மணம் பூசிக்கொள்வது ஆடம்பரமா, அநாவசியமா என்று தர்க்கம் செய்கிறவர்களுக்கு நம் ஊர்ச் சம்பிரதாயம் எத்தனையோ தலைமுறைகளாக அந்தக் கும்பாவின் மூலம் விடை சொல்லி வருகிறது. மணம் என்பது மரியாதை. ஒருவரையொருவர் நெருங்கி அமரப்போகும் மனிதர்கள் அந்த நெருக்கத்தை இனிதாக்கிக்கொள்ளும் உபாயம்.

ஆனால் கல்யாணங்கள் தினந்தோறும் நடப்பதில்லை. ஜவுளிக் கடையில் நாள் முழுதும் நின்றுகொண்டே புடைவை விரித்துக் காட்டுகிற சிப்பந்தி, திருவெறும்பூர்ப் பட்டறையில் இரும்போடு போராடுகிற தொழிலாளி, திருவரங்கத்துக்கும் மத்திய பஸ் நிலையத்துக்கும் இடையே ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போகிற குமாஸ்தா, இவர்களெல்லாம் சாதாரண நாட்களில் தம் வருமானத்துக்குள் எந்த மணத்தை, எவ்வளவு, எவ்விதம் அணிவது என்பதே இங்கே நாம் பரிசீலிக்க வேண்டிய விஷயம். இதை அற்பம் என்று ஒதுக்குவதற்கு எனக்கு மனம் வரவில்லை. நல்ல மணத்தோடு பிறர் முன் நிற்கும் உரிமை, விலை உயர்ந்த சீசாவை வாங்கக் கூடியவனுக்கு மட்டும் உரியதாகிவிடக் கூடாது என்பது என் உறுதியான அபிப்பிராயம். அவ்வாறு ஆகவேண்டிய அவசியமும் இல்லை என்பதைச் சரித்திரமும் ரஸாயனமும் சேர்ந்தே காட்டுகின்றன.

பழந்தமிழ் நூல்களைப் புரட்டினால், மார்பில் சந்தனம் பூசாத தலைவனைக் காண்பது அரிது. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதையில் மாதவி நீராடிய நீரில் ஊறியிருந்த துவர், விரை, ஓமாலிகை என்னும் ஊறல் சரக்குகளின் தொகையை இளங்கோவடிகள் எண்ணியே சொல்லிவிடுகிறார். அவற்றுள் ஐந்து விரை என்பன கோட்டம், துருக்கம், தகரம், அகில், சந்தனம் என்பர். கோட்டம் இமயச் சாரலில் கிடைப்பது; காவிரிக் கரைக்கு அது வந்து சேர எத்தனை கைகள் மாறியிருக்கும் என்பதை நினைத்துப் பார்த்தால், பரிமள வியாபாரம் அக்காலத்திலேயே எவ்வளவு தூரம் பரந்திருந்தது என்பது விளங்கும். வடமொழியில் ஆறாம் நூற்றாண்டினரான வராஹமிஹிரர் தம் பிருகத் ஸம்ஹிதையில் கந்தயுக்தி என்று ஓர் அத்தியாயமே வகுத்து, பதினாறு திரவியங்களை நான்கு நான்காக எடுத்து, பங்குகளை மாற்றி மாற்றிக் கலந்தால் 1,74,720 வாசனைகள் பிறக்கும் என்று கணக்கிட்டிருக்கிறார். நான்கு நான்காகத் தேர்வதற்கு மட்டுமே 1,820 வழிகள் உண்டு. மற்றவை பங்குகளின் பேதத்தால் வருபவை. பதினாறே பொருள்கள், அவற்றிலிருந்து லட்சத்துக்கு மேற்பட்ட மணங்கள்! பரிமளத்தின் சிறப்பு திரவியத்தின் விலையைக் காட்டிலும் சேர்க்கையின் யுக்தியிலேயே இருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான பிரமாணம் எனக்குத் தெரிந்து இல்லை. மனுஸ்மிருதி பிரம்மசாரிக்குக் கந்தமும் மாலையும் ஆகா என்று விலக்குகிறது. விலக்கப்பட்டது மாணவனுக்கேயன்றிக் கிருகஸ்தனுக்கு அல்ல என்பதையும் கவனிக்கவேண்டும்.

திருவரங்கத்தில் இந்த விஷயம் வழிபாட்டோடு பிணைந்து கிடக்கிறது. மூலவரான பெரிய பெருமாள் சுதையாலான திருமேனியர் ஆதலால் அவருக்கு நீராலான திருமஞ்சனம் இல்லை. வாசனைத் திரவியங்களைக் கொண்டு பக்குவப்படுத்திய தைலமே திருமேனியில் சாத்தப்படுகிறது. உற்சவரான நம்பெருமாளுக்கோ கஸ்தூரித் திருமண் காப்பு உண்டு. ஆனி மாத ஜ்யேஷ்டாபிஷேகத்துக்குக் காவிரியிலிருந்து தங்கக் குடத்தில் தீர்த்தம் யானை மேல் வரும். பதினாறு உபசாரங்களில் கந்தமும் ஒன்று. தொண்டரடிப்பொடியாழ்வார் இங்கே நந்தவனம் வைத்து மாலை கட்டினார். இன்றும் சாத்தார வீதிப் பூச்சந்தையில் விடியற்காலையில் சுற்றுக் கிராமங்களின் மல்லிகையும் சம்பங்கியும் குவிகின்றன. பெருமாளுக்குச் சாத்திய சந்தனத்தைப் பிரசாதமாகப் பெற்று நெற்றியிலும் மார்பிலும் இட்டுக்கொண்டு திரும்புகிற ஆடவன், தான் ‘சென்ட்’ போட்டுக்கொண்டதாக ஒருபோதும் நினைப்பதில்லை. அவனுக்கு அது பிரசாதம். பக்கத்தில் நிற்பவருக்கோ அது நல்ல மணம்.

காவிரிக்குத் தென்கரையில், மதுரை ரோட்டுப் பக்கம் உள்ள நத்தர்வலி தர்காவிலும் சந்தனத்துக்கு இதே ஸ்தானம் இருக்கிறது. சந்தனக்கூடு உற்சவத்தன்று ஊர்வலமாக வரும் சந்தனம் சமாதியின் மேல் பூசப்பட்டு, வந்தவர்களுக்கெல்லாம் வழங்கப்படுகிறது. ஆற்காட்டு நவாப் முகம்மது அலி வாலாஜா 1795-இல் மறைந்தபின் அடக்கமானது இந்த தர்கா வளாகத்தில்தான். நவாபுகளின் தர்பார்ப் பழக்கங்கள் மறைந்து போயின. ஆனால் வெள்ளிக்கிழமைத் தொழுகைக்கு முன் குளித்து, வெள்ளையுடுத்தி, ஒரு துளி அத்தரை மணிக்கட்டில் தொட்டுக்கொள்ளும் வழக்கம் ரிக்ஷாக்காரர் முதல் மண்டி முதலாளி வரை எல்லாரிடமும் நிலைத்துவிட்டது. ஆண்களுக்கான மலிவான பரிமளம் என்ற ஒன்று நம் நகரில் இடைவிடாமல் வாழ்ந்திருக்கிறதென்றால், அதற்கு முக்கியமான காரணம் இந்த வழக்கத்துக்கு அத்தர் விற்கும் கடைகளே.

அந்தக் கடைகளில் ஒன்றில் சிறிது நேரம் நின்று பார்ப்பது நல்ல பாடம். கண்ணாடி அலமாரியில் பச்சையும் மஞ்சளும் தேன் நிறமுமாகச் சீசாக்கள் அடுக்கியிருக்கும். வாங்க வந்தவர் பெயர் சொன்னதும், கடைக்காரர் சீசாவின் மூடியைத் திருகி எடுத்து, அதன் அடியில் நீண்டிருக்கும் கண்ணாடிக் குச்சியால் அவருடைய புறங்கையில் ஒரு கோடு இழுப்பார். வந்தவர் உடனே கையை மூக்கருகில் கொண்டுபோனால் தடுத்துவிடுவார். “இப்ப மோந்து பாக்காதீங்க ஐயா. போய் ஒரு டீ சாப்பிட்டு வாங்க, அப்புறம் சொல்லுங்க.” இந்த ஒரு வாக்கியத்தில் பரிமள சாஸ்திரத்தின் பாதி அடங்கியிருக்கிறது. எலுமிச்சை போன்ற இலேசான வாசனைகள் முதலில் கிளம்பிச் சில நிமிஷங்களில் ஓடிவிடும். பூவின் மணங்கள் அதன்பின் நிற்கும். சந்தனம், வெட்டிவேர், கஸ்தூரி போன்ற கனத்த மணங்களே மாலை வரை தங்கும். முதல் மோப்பத்தை நம்பி வாங்குகிறவன் ஓடிப்போகிற பகுதிக்கே விலை கொடுக்கிறான். பேரம் முடிந்ததும் கடைக்காரர் ஒரு ஸிரிஞ்சினால் அத்தரை உறிஞ்சி மூன்று, ஆறு அல்லது பன்னிரண்டு மில்லி கொள்ளும் சிறு குப்பியில் செலுத்துவார். பன்னிரண்டு மில்லி என்பது பழைய தோலா எடையை ஏறக்குறைய ஒத்தது. கால் தோலா வாங்குகிறவனும் அங்கே முழு மரியாதைக்குரிய வாடிக்கைக்காரனே.

இந்த அத்தர்களின் பிறப்பிடமாகப் பெயர்பெற்றது உத்தரப்பிரதேசத்துக் கன்னௌஜ். பெரிய செம்புக் கொப்பரையில் பூவையும் நீரையும் இட்டு, மூடியைக் களிமண்ணால் பூசி அடைத்து, கீழே விறகும் சாணமும் எரித்து, எழும் ஆவியை மூங்கில் குழாய் வழியே தொட்டியில் அமிழ்ந்திருக்கும் மற்றொரு செம்புப் பாத்திரத்துக்குள் இறக்குவார்கள். அந்தப் பாத்திரத்தில் முன்கூட்டியே சந்தன எண்ணெய் காத்திருக்கும். பூவின் மணம் அதில் ஒன்றி நிலைத்துவிடும். கோடை மழையில் நனைந்த மண்ணின் வாசனையைக்கூடச் சுட்ட மண் ஓட்டிலிருந்து இவ்விதமே வடித்து எடுக்கிறார்கள். சந்தனமே இக்கலையின் அஸ்திவாரம். அந்த அஸ்திவாரம்தான் நம் காலத்தில் ஆட்டங்கண்டது. சந்தன மரத்தின் வைரம் முற்றப் பல பத்தாண்டுகள் வேண்டும். நூறு கிலோ வைரத்தில் கிடைக்கும் எண்ணெய் நாலைந்து கிலோதான். ஜவ்வாது மலையிலும் சத்தியமங்கலத்துக் காடுகளிலும் நடந்த களவு வெட்டும், அரசாங்கத்தின் கடுமையான கட்டுப்பாடுகளும் சேர்ந்து மரத்தை அரிதாக்கின. 2000-ஆம் ஆண்டுக்குப் பின் பட்டா நிலத்துச் சந்தன மரத்தில் உடையவனுக்குப் பாத்தியதை தரும் வகையில் சட்டம் தளர்ந்தது. ஆயினும் அன்று நட்ட கன்று இன்னும் முற்றவில்லை. ஆகவே, சொற்ப விலைக்கு விற்கும் அத்தரில் சந்தன எண்ணெய்க்குப் பதிலாகத் திரவப் பாரபினோ வேறொரு மணமற்ற திரவமோதான் இருக்கும். இதைச் சொல்லுவதனால் கடைக்காரரைக் குறைகூறியதாகாது. அந்த விலைக்கு அசல் சந்தனம் வராது என்பதை வாங்குகிறவனே உணர்ந்திருக்கவேண்டும்.

அசல் அல்லாதது என்றவுடன் இகழத் தோன்றுகிறது; அந்த இகழ்ச்சி நியாயமா என்று பார்ப்போம். கோயிலில் ஆரத்தி காட்டும் கற்பூரம் எங்கிருந்து வருகிறது? முன்காலத்தில் அது சீனத்திலும் ஜப்பானிலும் வளரும் கற்பூர மரத்திலிருந்து வந்தது. இன்று நாம் ஏற்றுகிற வில்லைகளோ பெரும்பாலும் பைன் மரத்துப் பிசினிலிருந்து கிடைக்கும் டர்பன்டைன் எண்ணெயைக் கொண்டு ஆலையில் செய்யப்படுபவை. அந்த எண்ணெயின் முக்கிய அங்கமான பைனீன் முதலில் காம்பீன் என்னும் பொருளாகி, அங்கிருந்து படிப்படியாகக் கற்பூரமாகிறது. அதே காம்பீனைக் குவையகால் என்னும் வேறொரு பொருளோடு சேர்த்துப் பக்குவம் செய்தால், மலிவு சோப்புகளுக்கும் பவுடர்களுக்கும் சந்தன மணம் ஊட்டும் செயற்கைத் திரவியம் கிடைக்கிறது. அதே டர்பன்டைனிலிருந்து வேறொரு வழியில் டைஹைட்ரோமிர்சினால் என்னும் குளிர்ந்த, சலவைத் துணியை நினைவூட்டும் மணப்பொருளையும் செய்கிறார்கள். 1980களுக்குப் பின் உலகெங்கும் ஆடவர் பரிமளங்களில் அதுவே பிரதானமாக ஒலிக்கிறது. சந்நிதியில் கண்ணில் ஒற்றிக்கொள்கிற தீபத்தின் கற்பூரமும், பக்தனின் சட்டையில் வீசுகிற மலிவு வாசனையும் ஒரே பிசினின் மக்கள். கற்பூரத்தை ஏற்ற மனம் மற்றதை மட்டும் போலி என்று தள்ளுவதற்கு ஆதாரமில்லை.

கஸ்தூரியின் கதை இதைவிட முக்கியமானது. ஆண் கஸ்தூரி மானைக் கொன்று அதன் பையை அறுத்தெடுக்கும் கொடுமை வெகுகாலம் நடந்தது. 1888-இல் ஆல்பர்ட் பௌர் என்ற ஜெர்மானியர் வெடிமருந்து ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தபோது, தாம் செய்த ஒரு பொருள் கஸ்தூரியைப் போல் மணப்பதைக் கண்டார். 1926-இல் ருஜிக்கா என்ற விஞ்ஞானி அசல் கஸ்தூரி மணத்தின் மூலக்கூறு எத்தகையது என்பதைக் கண்டறிந்தார். அரசர்களும் தெய்வங்களும் மட்டுமே அணிந்த மணம் இதன்பின் பாமரன் கைக்கு எட்டியது; மானும் சாகவேண்டியதில்லை. நம் நாட்டில் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கஸ்தூரி மான் காக்கப்பட்ட பிராணி. ஆகவே கஸ்தூரி என்று பெயரெழுதிய குப்பியில் இருப்பது செயற்கையானது என்றால் அதற்காக நாம் சந்தோஷப்படவேண்டும். இந்த ஒரு துறையில் மலிவானதே தர்மத்துக்கும் உகந்தது.

‘ஆண்களுக்கான வாசனை’ என்று தனியே ஒன்று பிரிந்ததும் மேல்நாட்டில் சமீபத்தில்தான். பெர்கின் என்ற விஞ்ஞானி 1868-இல் கூமரினைச் செயற்கையாகச் செய்தார். காய்ந்த வைக்கோலின் இனிய மணமுடைய அப்பொருளை லாவண்டரோடும் மரப்பாசியோடும் சேர்த்து 1882-இல் பாரிஸில் ஹூபிகான் நிறுவனம் வெளியிட்ட பரிமளமே பிற்காலத்து ஆடவர் பரிமளங்களுக்கெல்லாம் மூதாதை. நாவிதர் கடையில் முகக்ஷவரத்துக்குப் பின் தடவுகிற லோஷனின் வாசனையும் அந்த வம்சத்தது. 1938-இல் அமெரிக்காவில் ஆண்களுக்காக வந்த ஓல்ட் ஸ்பைஸ் லவங்கம் முதலிய நம் தேசத்து மசாலாக்களின் வாசனையைத் தழுவியது. மல்லிகை மணம் பெண்களுக்கே உரியது என்று திருச்சியில் எந்த ஆண்மகனைக் கேட்டாலும் சொல்லுவான். ஆனால் 1966-இல் பாரிஸில் எட்மண்ட் ரூத்னிட்ஸ்கா ஆண்களுக்கென்று அமைத்த பிரசித்தமான பரிமளத்தின் உயிரே மல்லிகையின் சாயல் கொண்ட ஹெடியோன் என்னும் திரவியந்தான். புகையிலை மணத்தையும் ஆடவர்க்கு ஏற்றதாகப் பிரெஞ்சுக்காரர்கள் கொண்டாடுகிறார்கள். உறையூர்ச் சுருட்டு சீமை வரையில் பிரசித்தமாயிருந்த ஊரார்க்கு அது புதிய செய்தியன்று. ஆண் மணம், பெண் மணம் என்னும் பேதம் சந்தைக்காரர் வகுத்ததே ஒழிய இயற்கை வகுத்ததன்று.

நம் பக்கத்தில் ஸ்பிரிட் கலந்த சென்ட் பரவத் தாமதமானதற்குச் சர்க்காரும் ஒரு காரணம். சேலம் ஜில்லாவில் 1937-இல் ராஜாஜி தொடங்கிய மதுவிலக்கு 1948-இல் மாகாணம் முழுதும் பரவியது. சாராயம் சேர்ந்த மருந்துகளுக்கும் ஒப்பனைப் பொருள்களுக்கும் தீர்வை விதிக்கும் மத்தியச் சட்டம் 1955-இல் வந்தது. சாமானியன் சந்தனப் பவுடர், குட்டிகுரா, ஜவ்வாது, அத்தர் இவற்றோடு நின்றான். பவுடர் பூசிய கழுத்தும், சட்டைக் காலரின் உட்புறத்தில் தடவிய ஒரு சிட்டிகை ஜவ்வாதும் ஒரு தலைமுறைத் தமிழ் ஆடவரின் முழு அலங்காரம். 1999-இல் ஆக்ஸ் என்னும் ஸ்பிரே வந்ததிலிருந்து தகர டப்பாக்களின் காலம் பிறந்தது. விளம்பரங்கள் வாசனையை ஸ்திரீகளை வசீகரிக்கும் மந்திரமாகச் சித்திரித்தன. 2011-இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சகமே தலையிட்டுச் சில விளம்பரங்களை மாற்றச் சொல்லும் அளவுக்கு அது முற்றியது. வரவேற்கிற உபசாரமாயிருந்த ஒன்றை வேட்டைக் கருவியாக்கிய அந்த விளம்பரங்களை என்னால் மன்னிக்க முடியவில்லை. இளம் பிள்ளைகள் மணத்தின் பிரயோஜனத்தையே தவறாகப் படித்துவிட்டார்கள். அதே 2011-இல் ஃபாக் என்ற சரக்கை இறக்கிய ஆமதாபாத் நிறுவனத்தார், டப்பாவில் வாயு இல்லை, முழுதும் திரவமே என்று சொல்லி விற்றார்கள். வாங்குகிறவர்கள் அதை உடனே புரிந்துகொண்டது அவர்களுடைய நல்ல புத்தியைக் காட்டுகிறது. ஏனெனில் வாயு டப்பாவில் நாம் கொடுக்கிற காசில் கணிசமான பங்கு சமையல் வாயுவின் இனத்தைச் சேர்ந்த வாயுவுக்கும் தகரத்துக்கும் போய்விடுகிறது.

இனி நடைமுறை. நம் ஊர் வெயிலை மறந்து பரிமளத்தைப் பேசமுடியாது. சித்திரை வைகாசியில் நாற்பது பாகையைத் தொடுகிற காற்றில் எந்த மணமும் சீக்கிரம் ஆவியாகும். மணம் காலையில் உரத்துக் கேட்டு, பகலில் அடியோடு மறைந்துவிடும். வியர்வைக்குப் பெரும்பாலும் சுயமான நாற்றம் இல்லை; அக்குளில் வாழும் கிருமிகள் அதைச் சிதைப்பதனால்தான் நாற்றம் பிறக்கிறது. எனவே குளிக்காத உடம்பின் மேல் எவ்வளவு விலையுயர்ந்த சென்டைத் தெளித்தாலும் இரண்டு நாற்றங்கள் சண்டையிடுவதே பலன். குளித்து, நாவிதர் கடையில் கிடைக்கும் படிகாரக் கல்லை ஈரத்தோடு அக்குளில் ஒருமுறை தேய்த்து, உடம்பு நன்றாக உலர்ந்தபின் மணத்தை இடுவது உத்தமம். படிகாரத்தின் விலை சொற்பம்; ஒரு கல் மாதக்கணக்கில் வரும். கடையில் ஸ்பிரிட் வாசனை வாங்குகிறவர் சீசாவின் அழகைப் பாராமல் அடர்த்தியைப் பார்க்கவேண்டும்: கொலோனில் வாசனைச் சத்து நூற்றுக்கு நாலைந்துக்கு மேல் இராது, ‘ஓ டி பர்ஃபம்’ என்று எழுதியதில் பதினைந்து முதல் இருபது வரை இருக்கும். பின்னதில் இரண்டு அழுத்தல், முன்னதில் ஏழெட்டு அழுத்தலுக்குச் சமம். மாதக் கணக்கில் பார்த்தால் எது மலிவு என்பது தெரியும்.

எண்ணெய் அத்தரை வெள்ளை வேட்டியிலும் சட்டையிலும் தொடவே கூடாது; கறை போகாது. காதுமடலின் பின்புறமும் மணிக்கட்டுமே அதற்கு ஏற்ற இடங்கள். ஸ்பிரிட் வாசனையோ வியர்க்கும் தோலைவிடச் சட்டையின் உட்புறத்தில் நெடுநேரம் நிற்கும். எலுமிச்சை இனத்துப் பெர்கமாட் எண்ணெய் சேர்ந்தவற்றைத் தோலில் இட்டுக்கொண்டு வெயிலில் திரிந்தால் சிலருக்குக் கறுத்த தழும்பு விழும். அவற்றைத் துணியில் இடுவதே க்ஷேமம். நம் வெயிலுக்கு இணையற்ற பொருள் எது என்று என்னைக் கேட்டால், யோசிக்காமல் வெட்டிவேர் என்பேன். கடலூர்ப் பக்கத்து மணலில் செழித்து வளரும் இந்த வேரைக் கொண்டு பாரிஸ்காரர்கள் 1950களின் பிற்பகுதியில் பிரமாதமான ஆடவர் பரிமளங்களைச் செய்தார்கள். நாமோ பானைத் தண்ணீரில் ஒரு முடிச்சு போட்டுவிட்டு அதன் அருமையை மறந்திருக்கிறோம். பெரிய கடை வீதி நாட்டுமருந்துக் கடையில் ஒரு பிடி வேரை வாங்கி அலமாரியில் துணிகளுக்கு நடுவே வைத்தால், ஒரு கோடை முழுவதும் சட்டைகளில் அந்தக் குளிர்ந்த மண்வாசனை தங்கியிருக்கும். பகலுக்கு அது போதும். மாலையில் ஒரு துளி சந்தன அத்தர்.

அளவைப் பற்றிய என் கட்சி கடுமையானது. கை நீட்டும் தூரத்துக்குள் வந்தவருக்குத் தெரிந்தால் போதும். அதற்கு மேல் போனால் அடுத்தவர் மூச்சின் மேல் செய்யும் ஆக்கிரமணம். சாயங்கால பஸ்ஸிலும், வைகுண்ட ஏகாதசி வரிசையிலும், இருமலும் இழுப்பும் உள்ளவர்கள் நம் தோளோடு தோள் நிற்கிறார்கள்.

கடைசியாக இரண்டு காரியங்கள் பாக்கியிருக்கின்றன. அத்தர்க் குப்பிகளில் பெயரைத் தவிர வேறொன்றும் எழுதியிருப்பதில்லை. அடித் திரவம் சந்தன எண்ணெயா, பாரபினா, வேறு எதுவா என்பதைக் கடைக்காரர்கள் ஒட்டுச்சீட்டில் எழுதினால், தோல் தடிக்கும் சுபாவமுள்ளவன் பிழைத்துக்கொள்வான். நேர்மையான கடைக்குப் பெயரும் வளரும். இரண்டாவது, வரி. 2025 செப்டம்பர் 22 முதல் டால்கம் பவுடருக்கும் க்ஷவர லோஷனுக்கும் சரக்கு சேவை வரி பதினெட்டிலிருந்து ஐந்து சதவீதமாகக் குறைந்தது. பரிமளங்களுக்கோ அத்தர் உட்பட பதினெட்டே நீடிக்கிறது. ஐயாயிரம் ரூபாய்ச் சீசாவுக்கு அந்த வரி இருக்கட்டும். மூன்று மில்லி குப்பியில் வெள்ளிக்கிழமைக்கு அத்தர் வாங்குகிறவனையும், கால் தோலா சந்தன வாசனைக்கு வருகிற கோயில் சிப்பந்தியையும் பவுடர் வரிசையிலேயே சேர்த்து ஐந்து சதவீதத்தில் விடவேண்டும். சிறு குப்பிக்கு ஓர் அளவு வரம்பு வகுத்தால் சட்டத்தில் இதைச் செய்வது கஷ்டமான காரியமன்று.